கருடனைப் படம் எடுக்கப் போனது

1

வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது. பிரான்சில் இந்த நாந்த் ஊர் மழைக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. நம்மூர் மழை போலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்த் தொலைந்தால் என்ன? இது காலையில் நசநசவென்று பிடித்தால் ராத்திரி வரைக்கும் அதே நசநசப்புதான். ஏழு வருஷமாக இதைத் திட்டிக்கொண்டே இங்கே குடித்தனம் நடத்துகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பறவைச் சங்கத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் காரைக்கால்காரி, எதையும் பெரிதுபடுத்த மாட்டாள். "இதுக்குப் போயா சோறு வேணாங்கிறீங்க?" என்றாள். உங்களிடம் சொன்னால் புரியும் என்று தோன்றியது.

நான் நெல்லித்தோப்பில் பிறந்தவன். அப்பா மில் தொழிலாளி. பதினெட்டு வயதில் கப்பலேறி சைகோன் போனேன். அங்கே ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருட்டறை வேலை. அங்கே பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டியபோது நானும் கட்டினேன். இங்கே வந்தும் அதே இருட்டறை வேலைதான். மற்றவர்கள் வெயிலில் நின்று எடுத்த படத்தை நான் இருட்டில் நின்று கழுவுகிறேன். சைகோனில் பிறந்த மகள் வசந்தாவுக்கு இப்போது பதினாலு வயது. அவளுக்குக் கீழே ஒரு பையன், இங்கே பிறந்தவன்.

வசந்தாவுக்குப் பறவை என்றால் உயிர். இந்த நாட்டுப் பறவை ஒவ்வொன்றையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவளுக்காகத்தான் நான் சங்கத்தில் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அங்கே ஒரே வேலை: புரொஜெக்டர் ஓட்டுவது. போட்டோக்கடைக்காரன் என்று தெரிந்ததும் கையில் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் பேசுவார்கள், நான் சிலைடை மாற்றுவேன்.

போன குளிர்காலத்தில் ஒரு பல் வைத்தியர், மடகாஸ்கரில் இரண்டு வாரம் சுற்றிவிட்டு வந்து, "வெப்ப நாடுகளின் பறவைகள்" என்று பேசினார். இவர்களுக்கு வெப்ப நாடு என்பது ஒரே நாடு. அதில் எல்லா ஊரும் ஒன்றுதான். "அங்கே வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை, யார் வேண்டுமானாலும் நல்ல படம் எடுக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெளிச்சத்தைப் போட்டு நின்றவன் நான்தானே, அங்கிருந்தபடியே சொன்னேன்: "எங்கள் புதுச்சேரியில் ஆற்றுமுகத்தில் ஒரு பருந்து இருக்கிறது, கருடன் என்போம். உங்கள் புத்தகத்தில் அதற்குப் புனிதப் பருந்து என்று பெயர். மீனை மேலே எறிந்தால், இந்த மேசை தூரத்துக்கு இறங்கிவந்து பிடித்துக்கொண்டு போகும்." எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். "படம் இருக்கிறதா, முசியே?" என்று பல் வைத்தியர் கேட்டார். இல்லை என்றேன். அவர் அடுத்த சிலைடைக் கேட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது வசந்தா பிரெஞ்சில் கேட்டாள்: "பப்பா, நீ சொன்னது நிஜமா, இல்லை சும்மா சொன்னாயா?"

அவளுக்கு நான் நெல்லித்தோப்பைப் பற்றிச் சொன்னது எல்லாமே அன்றைக்குத் தராசுத் தட்டில் வந்து நின்றது. இவள் எதையும் நம்பவில்லை, கதை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்போதே முடிவு செய்தேன். கோடை விடுமுறையில் இவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது, கருடனைக் கிட்டத்தில் நிறுத்தி ஒரு படம் எடுப்பது. ஒரே ஒரு படம் போதும். அதை இவர்கள் சுவரில் போட்டுக் காட்டி, "இது என் ஊர்" என்று என் பெண் சொல்ல வேண்டும். இதுதான் என் ஆசை. இதற்காகத்தான் இந்த வருஷம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நான் பட்டபாடு.

2

முதலாளியைக் கெஞ்சி ஒரு நீளமான லென்சை இரவல் வாங்கினேன். அடுப்பு ஊதும் குழலைவிடக் கொஞ்சம் பருமன். அது இல்லாமல் போயிருந்தால் பாதி இம்சை குறைந்திருக்கும்.

பம்பாய் சுங்கத்தில் அதிகாரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் என்ன எடுப்பீர்கள்?"

"பறவை."

"எந்தப் பறவை?"

"கருடன்."

அவர் என்னைப் பார்த்தார், வசந்தாவைப் பார்த்தார். "கருடனைப் படம் எடுக்க பிரான்சிலிருந்து வருகிறீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னால் இந்த உலகத்தில் ஒருவனும் நம்புவதில்லை. ஒரு வியாபாரி, இரண்டு பாதிரிமார், ஒரு கல்யாணக் கோஷ்டி என்று எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். கடைசியில் கேமராவையும் லென்சையும் என் பாஸ்போர்ட்டிலேயே எழுதி முத்திரை குத்தினார். திரும்பும்போது நான் வராவிட்டாலும் லென்ஸ் வர வேண்டுமாம்.

"பிறந்த ஊர்?" என்று கேட்டார். புதுச்சேரி என்றேன். "அது இந்தியாதானே? அப்புறம் எதற்கு பிரெஞ்சு பாஸ்போர்ட்?" என்றார். ஐம்பத்து நாலிலேயே ஊர் இந்தியாவிடம் கைமாறியதையும், சட்டப்படி இன்னும் மாறாததையும் நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவரே களைத்துப்போய், போகச் சொன்னார்.

இதையே என் அக்கா புருஷன் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் மில்லில் நெசவுப் பக்கம் வேலை செய்கிறவர். எனக்கு மாமா முறை. ஸ்டேஷனில் எங்களை ஏற்றிக்கொண்ட மாட்டு வண்டியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏழெட்டு வருசமா ஒரே ஊட்ல குடித்தனம் நடத்துறாங்கடா. தாலி மட்டும் கட்டல. ஆகஸ்ட்டுல கட்டப்போறாங்களாம்."

வசந்தா, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள். தாலி என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் நெல்லித்தோப்பே வந்துவிட்டது.

3

அக்கா காபி கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, "நன்றிக்கா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. அக்கா டம்ளரைத் திரும்பப் பிடுங்காத குறைதான்.

"என்னாடா சொன்ன? நன்றியா? நான் என்னா காபிக் கடையா வச்சிருக்கேன்?"

இதற்கே இப்படி என்றால், வசந்தா அடித்த கூத்தைக் கேட்கவே வேண்டாம். அவள் தமிழில் மரியாதை கிடையாது, பன்மை கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நின்றதும், "நீ உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். பெரியவர் உட்காராமலே போய்விட்டார். அக்கா என்னை முறைத்தாள். இந்தப் பெண்ணோடு வீட்டில் தமிழில் பேசு என்று மனைவியிடம் சொல்வேன். அவள் என்னிடம் சொல்வாள். இரண்டு பேரும் களைத்துப்போய் வேலையிலிருந்து வந்து பிரெஞ்சில் பேசிவிட்டுத் தூங்குவோம். இதை எந்த அக்காவுக்கு விளக்குவது?

கேமரா வந்திருக்கிற செய்தி ஒரே நாளில் உழவர்கரை வரைக்கும் போய்விட்டது. யார் பிரெஞ்சுக்காரனாகவே இருப்பது, யார் இந்தியனாவது என்று ஊர் முழுக்க அதே பேச்சு. கொஞ்ச நாளில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் போட்டோ வேண்டுமாம். ஒரு மாமன், ஒரு சித்தப்பா, பெயரே தெரியாத ஒருவர் என்று காலையிலேயே பவுடர் பூசிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். இது கலர் சிலைடு, பிரான்சுக்குப் போய்த்தான் கழுவ முடியும், காகிதத்தில் வராது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

"பறவையை எடுக்கறதுக்கு இருக்குது, பெத்த மாமன எடுக்கறதுக்கு இல்லியா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். பெற்ற மாமனாம். அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

கடற்கரையில் கப்பல் சரக்கு இறக்குகிற புதுப் பாலத்துப் பக்கம் ஒரு வெள்ளைக் கொக்கைக் குறிவைத்துக்கொண்டிருந்தேன். கான்ஸ்டபிள் தோளில் கை வைத்தார். பாலத்தைப் படம் எடுக்கக் கூடாதாம்.

"பாலத்தை எடுக்கலீங்க, அதுமேல நிக்கிற கொக்கத்தான் எடுக்கறேன்."

"கொக்கு எதுமேல நிக்குது?"

"பாலத்துமேல."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஸ்டேஷனுக்குப் போய், பாஸ்போர்ட்டைக் காட்டி, முத்திரையைக் காட்டி, மாமா வந்து சொல்லி, வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. வசந்தா அங்கே பெஞ்சில் உட்கார்ந்து தன் பறவைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. அவள் சலித்துக்கொண்டால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

4

வீராம்பட்டினத்துப் பக்கம் ஆறு கடலில் சேருகிற இடத்தில்தான் கருடன்கள் அதிகம். காலையில் கட்டுமரங்கள் கரையேறி மீனைப் பிரிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். கரையில் நின்று எடுக்கலாம் என்று பார்த்தால், என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடுகிறது. கூட்டத்தைப் பார்த்துப் பருந்து மேலேயே நிற்கிறது. சரி, தோணியில் ஆற்று நடுவுக்குப் போய்விடலாம் என்று மாமாதான் யோசனை சொன்னார். அவருக்குத் தெரிந்த ஆறுமுகம் என்கிற மீன்காரரை ஏற்பாடு செய்தார். முதல் வாரம் ஆடித் தேர். தோணியும் இல்லை, ஆளும் இல்லை, வீராம்பட்டினத்துக்குள் கால் வைக்கக்கூட இடமில்லை. போயிற்று ஒரு வாரம்.

அடுத்த வாரம் போனோம். ஆறுமுகம் பின்பக்கம் நின்று மூங்கில் கழியால் தோணியைத் தள்ளினார். மாமா முன்னால் உட்கார்ந்து கூடையில் மத்தி மீனை வைத்துக்கொண்டார். நடுவில் நானும் வசந்தாவும். நல்ல காலை வெயில். தண்ணீர் அசையவில்லை. இவ்வளவு தோதாக அமையும் என்று நான் நினைக்கவே இல்லை.

மாமா ஒரு மீனை உயர எறிந்தார். அது வந்தது. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு, இறக்கையை அசைக்காமல் சரிந்து இறங்கியது. கண்ணாடிக்குள் அதன் கண் தெரிந்தது. நான் விரலை அழுத்தப் போனேன்.

தோணி அப்படியே சுழன்றது. கண்ணாடிக்குள் வானம் போயிற்று, தென்னைமரம் போயிற்று, மாமாவின் வேட்டி வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆறுமுகம் கழியை விட்டுவிட்டார். அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கழி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மாமாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார், மீன் பிடித்த கையோடு. கன்னம் முழுக்கச் செதில்.

"என்னாங்க இது! கழியப் புடிங்க!" என்று கத்தினேன்.

ஆறுமுகம் கோபிக்கவே இல்லை. "கெருடன் எறங்கி வர்றாரு தம்பி. கும்புடாம கழியப் புடிச்சிக்கினு நிக்கச் சொல்றியா?"

"நீங்க தெனமும் பாக்கறதுதானே?"

"தெனமும் பாத்தா தெனமும் கும்புடணும்."

கையால் துழாவிக் கழியைப் பிடித்தோம். மறுபடியும் எறிந்தார். மறுபடியும் வந்தது. மறுபடியும் கழி தண்ணீரில். மூன்றாவது தடவை, "கண்ணை மூடிக்கங்க, பாக்காதீங்க" என்றேன். மூடிக்கொண்டார். மாமா, "தோ, வந்துட்டாரு!" என்று கத்தினார். கண்ணை மூடியபடியே ஆறுமுகத்தின் கை மேலே போனது.

வசந்தா என்னிடம் பிரெஞ்சில் கேட்டாள்: "இவர்கள் ஏன் தங்களைத் தாங்களே அறைந்துகொள்கிறார்கள்?"

சொன்னேன். விஷ்ணு என்றேன், வாகனம் என்றேன். பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்பது போலக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "அப்படியா" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது. ஆறாயிரம் மைல் வந்திருக்கிறேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் சாமியைக் காத்திருக்கச் சொல்லக் கூடாதா?

5

கல்லைக் கட்டித் தோணியை நிறுத்திப் பார்த்தோம். கழி தேவையில்லை அல்லவா? ஆனால் கும்பிடுவதற்கு ஆறுமுகம் எழுந்து நின்றுவிடுகிறார். உட்கார்ந்துகொண்டு கும்பிட்டால் என்ன என்றால், "உக்காந்துக்கினா? சாமி வரும்போதா?" என்கிறார். அவர் எழுந்தால் தோணி ஒரு பக்கம் சாய்கிறது.

அதற்குள் ஆகஸ்டில் ஒரு நாள் ஊர் முழுக்கக் கொடி கட்டினார்கள். சட்டப்படியும் கைமாறிவிட்டதாம். மிட்டாய் கொடுத்தார்கள். மாமா என் காதில், "முடிச்சி விழுந்துடுச்சி" என்றார். அன்றைக்கும் படம் எடுக்க முடியவில்லை. அடுத்த இரண்டு நாளும் முடியவில்லை, எங்கே போனாலும் கொட்டு, வெடிச் சத்தம். ஒரு பறவைகூடத் தரைப் பக்கம் வரவில்லை.

கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. எனக்குப் பதற்றமாகிவிட்டது. கடைசியில் ஒரு யோசனை செய்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நெல்லித்தோப்பு மாதா கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போகிற சூசை என்று ஒருவர் உண்டு. முன்பு வீராம்பட்டினத்துப் பக்கம் தோணி ஓட்டியவர். வேதக்காரருக்குக் கருடன் சாமி இல்லையே? ஆறுமுகத்திடம் தோணியை மட்டும் வாங்கிக்கொண்டு சூசையை ஏற்றினேன். மாமாவிடமிருந்து மீன் கூடையை வாங்கி, அதையும் சூசையிடமே கொடுத்தேன். நீங்கள் பேசாமல் என் முதுகுக்குப் பின்னால் உட்காருங்கள் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

சூசை மீனை எறிந்தார். கருடன் இறங்கியது. தோணி ஆடியது.

திரும்பினேன். சூசை இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்களுமா?"

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இல்ல முசே, அது வந்து... சின்னதுலேந்து கூடச் சேந்த பசங்கல்லாம் போட்டுக்குவானுங்க. கை தானா போவுது. சாமியாராண்ட சொல்லிடாதீங்க."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொரு தடவை. கையைக் கூடைக்குள்ளேயே வச்சிக்கங்க" என்றேன். பாவம், சூசை அப்படியே செய்தார். ஒரு கையால் மீனை எறிந்துவிட்டு, அந்தக் கையையும் உடனே கூடைக்குள் புதைத்துக்கொண்டார். தோணி அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னால் மாமா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, தோணியை ஆட்டாமல் செய்தார். கருடன் வந்தது. இவ்வளவு கிட்டத்தில் அதுவரைக்கும் வந்ததில்லை. இறக்கை விரிந்தது, கால் நீண்டது, வெயில் அதன் முதுகில் விழுந்து அந்தச் செம்மை அப்படியே பற்றிக்கொண்டது. இதற்குத்தான் வந்தேன் என்று மனசு சொன்னது.

நெஞ்சில் கேமரா வந்து மோதியது. கழுத்தில் வார் இருந்ததால் தண்ணீரில் விழவில்லை. என் இரண்டு கையும் என் கன்னத்தில் இருந்தன.

"நீயுமா, பப்பா?" என்று வசந்தா சிரித்தாள். அந்தப் பயணம் முழுக்க அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

இருபது வருஷத்துக்கு மேல் கன்னத்துப் பக்கமே போகாத கை. இந்த நாந்த் ஊரில் பஸ்ஸில் கும்பிடு போடாத கை, மாதா கோயில் முன்னாலும் சும்மா போகிற கை. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. எல்லோரையும் ஒரு மாதமாகத் திட்டியாயிற்று, இப்போது யாரைத் திட்டுவது?

6

மீன் கூடையில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். மறுநாள் ரயிலேற வேண்டும். நான் கேமராவைத் துடைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினேன். இன்னொரு தடவை வந்தாலும் என் கை நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

"பப்பா, என்னிடம் கொடு" என்றாள் வசந்தா.

அவளுக்குக் கேமரா பிடிக்கத் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கொடுத்தேன். முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எறி" என்று சூசையிடம் தமிழில் சொன்னாள். இதற்கும் மரியாதை இல்லாத தமிழ்தான். சூசை எறிந்தார்.

அது வந்தது. சூசை கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன், இந்தத் தடவை தடுத்துப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் போன ஒரு தோணியில் இரண்டு பேர் வலையை விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் தோணி லேசாக ஆடியது. அவள் உடம்பை மட்டும் அதற்கு ஏற்றபடி சரித்துக்கொண்டாள். அந்த ஆறு முழுக்க அசையாமல் இருந்தது அவள் கை மட்டும்தான். கிளிக் என்று ஒரு சத்தம். உடனே அடுத்தது. அதற்கு அடுத்தது.

"முடிந்தது" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கேமராவை மடியில் வைத்தாள். அவளுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வாசலிலேயே நின்றாள். படம் எடுத்தீர்களா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"கெருடன் நல்லா கிட்ட வந்தாராமே, சூச சொன்னான். புள்ள கன்னத்துல போட்டுக்கிச்சா?"

நான் செருப்பைக் கழற்றக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது என்று நினைக்கிறேன். மாமா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "போட்டுக்கினா, போட்டுக்கினா. ரெண்டு கையாலயும் போட்டுக்கினா" என்றார். என்னைப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டார். அக்கா வசந்தாவின் தலையைத் தடவி, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வசந்தாவுக்கு எதற்கு என்று தெரியவில்லை, சிரித்தாள்.

7

சிலைடு கழுவி வந்தது. நானே கழுவியது இல்லை, கலர் என்பதால் வெளியே அனுப்பி வாங்கினோம். என் படங்களில் வானம் இருந்தது, தென்னைமரம் இருந்தது, வேட்டி இருந்தது. அவள் படங்கள் மூன்றிலும் கருடன். நடுவில் உள்ளது ஒன்று போதும். இறக்கை நுனி வரைக்கும் தெளிவு. காலில் மீன், மீனின் கண் கூடத் தெரிகிறது. இருபத்து நாலு வருஷமாக அடுத்தவர் படத்தைப் பார்த்தே வயிறு வளர்க்கிறவன் சொல்கிறேன், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் அதைப் போட்டோம். நான் வழக்கம் போல மெஷினுக்குப் பக்கத்தில். சுவர் முழுக்கக் கருடன் விரிந்தது. பல் வைத்தியர்தான் முதலில், "அற்புதம்" என்றார். மனசாரச் சொன்னார், அதையும் சொல்ல வேண்டும். இந்த நேரத்துக்காகத்தான் நான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். "இது என் ஊர்" என்று அவள் சொல்லப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

வசந்தா எழுந்து, ஆற்றையும் தோணியையும் சொன்னாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டதையும், பப்பா படத்தில் வேட்டி வந்ததையும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நன்றாகவே சொன்னாள். "அப்பாவின் ஊர்" என்று மூன்று தடவை சொன்னாள்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கேட்டார்: "இத்தனை பேரும் கையை விட்டுவிட்டார்கள், உங்கள் கை மட்டும் எப்படி அசையவில்லை, மத்மொசேல்?"

வசந்தாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "என் கை ஏன் அசைய வேண்டும்? எனக்கு அது பறவைதானே."

கைதட்டினார்கள். அவள் திமிராகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். பொய் சொல்லாதே என்று நான் சொல்லிச் சொல்லி வளர்த்த பெண். இதற்கு அவளைக் கோபிக்க முடியுமா? ஆறுமுகத்தைக் கோபித்தேன், மாமாவைக் கோபித்தேன், சூசையைப் படுத்தி எடுத்தேன். அவர்கள் யாராலும் இந்தப் படத்தை எடுக்க முடியாது. என்னாலும் முடியாது. இதை எடுக்க எங்களில் ஒருத்தியாக இல்லாத ஒருத்தி வேண்டியிருந்தது. அவளை நான்தான் ஆறாயிரம் மைல் கூட்டிக்கொண்டு போனேன்.

"அடுத்தது, முசியே" என்றார் தலைவர்.

நான் மாற்றவில்லை. இருட்டுதான். எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை, நானே போட்டுக்கொண்டேன். அவளுக்காகவும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன்.

சிலைடு மாறவில்லையே என்று ஒவ்வொருவராகத் திரும்பியதும், வசந்தா என் பக்கத்தில் வந்து நின்றதும் எனக்குத் தெரியவில்லை. என் சட்டைக் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"பப்பா, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றாள்.